உடையாத சாம்பல் பாதை

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுப் பாதையை உடைக்க இரண்டு பேர் வந்தார்கள். சம்மட்டி, கடப்பாரை, டிரில்லிங் மெஷின் — எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். மதியம் வரை அடித்தார்கள். ஓரத்தில் தேங்காய்ச் சில்லு மாதிரி ஒரு துண்டு பெயர்ந்தது. அவ்வளவுதான்.

"என்னத்த சார் போட்டுக் கட்டுனீங்க? மெஷினு சூடாயிப் போச்சு, இது அசைய மாட்டேங்குது" என்றார் ஒருவர். சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், கிளம்பிவிட்டார்கள்.

நல்ல பாதை. விரிசல் கிடையாது. மழைத்தண்ணீர் நிற்பதில்லை. அதை ஏன் உடைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். வாசலில் நின்றுகொண்டு, சம்மட்டி விழும்போதெல்லாம் கேட்டாள்.

சொல்கிறேன். நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

என் அக்கா மகள் கயல்விழி. திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். முப்பது வயது நெருங்குகிறது. குப்பையை எரித்தால் மிஞ்சும் சாம்பலைச் சுத்தப்படுத்தி, கான்கிரீட்டில் சிமெண்டுக்குப் பதிலாகக் கொஞ்சம் சேர்க்க முடியுமா? இதுதான் அவளுடைய கேள்வி. இந்த ஒரு கேள்வியோடு நாலைந்து வருடமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

வெளியூரில் குப்பையை எரித்துக் கரண்ட் எடுக்கும் ஆலை ஒன்றிலிருந்து சாம்பல் வருகிறது. அதை அப்படியே போடக் கூடாதாம். உப்பு இருக்கும், உள்ளே இருக்கிற கம்பியை அரித்துவிடும். ஈயம் மாதிரி வேண்டாத சமாச்சாரங்களும் இருக்கும். அலுமினியத் துணுக்கு கிடந்தால் ஈரக் கலவை குமிழ் விட்டு உப்பிக்கொள்ளும். அதனால் கழுவ வேண்டும், காயவைக்க வேண்டும், அரைத்து, சலித்து, சோதிக்க வேண்டும். கழுவின தண்ணீரைக்கூடச் சும்மா சாக்கடையில் ஊற்றிவிட முடியாது. அதற்குத் தனியாக ஒரு சுத்திகரிப்பு.

"நான் மிளகாத்தூளுக்குக்கூட இம்புட்டு மெனக்கெட்டதில்ல" என்பாள் என் மனைவி.

எதற்கு இந்தப் பாடு? சிமெண்ட் என்றால் சுண்ணாம்புக்கல்லைச் சுட வேண்டும். அதில் கிளம்பும் கரியமில வாயு கொஞ்சநஞ்சமில்லை. இன்னொரு பக்கம் சாம்பல் கொட்ட இடமில்லாமல் குவிகிறது. இதில் கொஞ்சத்தை அதில் போட்டால் இரண்டுக்கும் கொஞ்சம் விடிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நல்லதாகக் கேட்கும் எத்தனையோ விஷயங்களை இந்த வயதுக்குள் கேட்டுவிட்டதால், நான் பெரிதாகத் தலையாட்டவில்லை.

கல்லூரிக்குள் செய்து பார்த்ததெல்லாம் நன்றாக வந்துவிட்டது. அவளுடைய கைடு கறாரான ஆள். "ஏசி ரூம்ல எல்லாம் நிக்கும். வெளியில, வெயில்ல, மழையில, சாதாரண கொத்தனார் போட்ட தளம் எப்படி நிக்குதுன்னு காட்டு. அப்பதான் கையெழுத்து" என்று சொல்லிவிட்டார். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. ஆய்வேட்டைக் கொடுக்க நீட்டித்த தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே ஒரு தளம் வேண்டும். யாராவது இடம் தர வேண்டும்.

யார் தருவார்கள்? சொந்தக்காரர்கள்தான்.

ஆலங்குடிப் பக்கம் எங்கள் சித்தப்பா ஒருவர் கடலை காயப்போட சிமெண்ட் களம் போடுவதாக இருந்தார். அவரே கூப்பிட்டு, "எங்கிட்டுப் போட்டா என்ன, நம்ம களத்துலயே போட்டுக்க" என்று சொன்னார். கயல் மறுத்துவிட்டாள். சாப்பிடுகிற பொருள் காயும் இடத்தில் இப்போதைக்குப் போட மாட்டாளாம். கிணற்றுக்குப் பக்கத்திலும் வேண்டாமாம். கம்பி கட்டிய தளமும் வேண்டாமாம்.

சித்தப்பாவுக்குக் கோபம். "அப்ப ஒன் சாம்பலு மேல ஒனக்கே நம்பிக்கை இல்ல!"

"நம்பிக்கை இருக்கு தாத்தா. இன்னும் தெரியாததும் இருக்கு" என்றாள் இவள். இப்படிப் பேசினால் எந்தச் சொந்தக்காரர் இடம் கொடுப்பார்?

கடைசியில் மாமா வீடு. மாமா என்றால் நான். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் ரோட்டில், வீட்டுமனைக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறேன். கேட்டிலிருந்து கார் ஷெட் வரைக்கும் மண்பாதை. மழை வந்தால் உளைச் சேறு. அதற்குத் தளம் போடச் சொல்லி என் மனைவி எத்தனை வருடமாகச் சொல்கிறாள் என்று நான் எழுதப் போவதில்லை. பாதையின் ஒரு பாதி சாதாரண கான்கிரீட். மறுபாதியில் சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாம்பல். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் சரி என்றேன். மறுத்துப் பேசத் தெம்பில்லை என்பதும் ஒரு காரணம்.

சாம்பல் மூட்டைகள் வந்து இறங்கிய அன்றே தெருவுக்குச் செய்தி போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் வாக்கிங் முடித்து வந்தவர், கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. வெளியே நின்றபடியே கேட்டார்.

"ஏங்க... எரிச்ச சாம்பல்னு சொல்றாங்க. மின்மயானத்துச் சாம்பலா?"

இல்லை, குப்பைச் சாம்பல் என்றேன். அவர் முகம் இன்னும் கோணியது. குப்பையை வீட்டுக்குள் கொண்டுவரலாமா, லட்சுமி தங்குவாளா என்றெல்லாம் பேசிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அதே மனிதர், தெருமுனையில் பாலிதீன் பையும் தெர்மாகோலும் தேங்காய் மட்டையுமாகக் கூட்டி வைத்துத் தீக்குச்சி கிழித்துப் போட்டார். புகை நேராக என் ஜன்னலுக்கு வந்தது. எனக்கு இளைப்பு உண்டு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் சாத்துகிறேன். சொல்லிச் சொல்லிப் பார்த்து, சண்டை போட்டுப் பார்த்து, இப்போது சாத்துவதோடு சரி. எரிகிற குப்பை மூக்குக்குள் போனால் பரவாயில்லை... கழுவின சாம்பல் கால் படும் இடத்துக்கு வரக் கூடாது!

தளம் போடும் நாளும் வந்தது.

கொத்தனார் கருப்பையா. வல்லத்திராக்கோட்டைக்காரர். எங்கள் வீட்டுக்கு எல்லா வேலையும் அவர்தான். பொன்னமராவதியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து அக்காவும் வந்துவிட்டாள். மகள் பரீட்சை எழுதப் போகிறாள், தான் வெளியே காத்திருக்கப் போகிறோம் என்கிற தோரணை. கையில் கோயில் விபூதி, எலுமிச்சம்பழம். மிக்சர் மெஷினுக்கே பொட்டு வைத்தாள்.

கயல் முதலில் சாதாரண பாதியைப் போட வைத்தாள். எல்லாவற்றையும் எடை போட்டு, தண்ணீரைக்கூட அளந்து ஊற்றி, பக்கத்திலேயே நின்றாள். அது முடிந்ததும் சாம்பல் பாதிக்கான சிமெண்டையும் சாம்பலையும் எடை போட்டு, தார்ப்பாயில் குவித்து, கலந்து வைக்கச் சொன்னாள். அப்போது என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"பச்சத்தண்ணி பல்லுல படாம நிக்கிறியேத்தா, ரெண்டு இட்லி தின்னுட்டுப் போ!"

கயல் உள்ளே வந்து சாப்பிட்டாள். அவள் கையில் தட்டு இருந்த நேரம்தான் மொத்த ஆராய்ச்சியும் போன நேரம். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

பிறகு வெளியே போனாள். கலவை போட்டார்கள், மட்டம் தட்டினார்கள். அதே கலவையில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சுகளில் அடைத்து, சதுரக் கட்டிகளாகக் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். ஒரு மாதம் தண்ணீரில் ஊறவைத்து, மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் மிச்சம் வைத்திருந்த சிமெண்ட் மூட்டையைக் காணோம். கருப்பையா வீட்டு வேலைக்கு எடுத்துப் போயிருப்பார் என்று நானும் என் மனைவியும் பேசிக்கொண்டோம். போகட்டும் என்று விட்டுவிட்டோம். பெருந்தன்மையாம்!

ஒரு மாதம் கழித்துச் சனிக்கிழமை கயல் வந்தாள். முடிவு வந்துவிட்டது என்று போனில் சொல்லியிருந்ததால் அக்காவும் வந்திருந்தாள், ஒரு டப்பா பால்கோவாவோடு.

"என்ன ஆச்சு? பாஸா?" என்றேன்.

"ரொம்ப பாஸ் மாமா" என்றாள். குரலில் சுரத்தே இல்லை. "சாதாரண கான்கிரீட்ட விட சாம்பல் போட்டது எக்கச்சக்கமா தாங்குது."

"அப்புறம் என்னடி? வாயத் தொற" என்று அக்கா பால்கோவாவை எடுத்தாள்.

"இப்படி வராதும்மா. இது சாம்பல். சிமெண்ட்டுக்குக் கொஞ்சம் கம்மியா வரும், நல்லா வந்தா சரிக்குச் சரியா வரும். இப்படி வராது."

கருப்பையாவுக்குப் போன் போட்டாள். அவர் பக்கத்தில்தான் வேலையாக இருந்தார். மொபெட்டில் வந்து இறங்கினார், சிரித்த முகமாக.

"கருப்பையாண்ணே, சாம்பல் பாதியில கூட ஏதாவது போட்டீங்களா?"

அவர் மறைக்கவே இல்லை. பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார் போல.

"ஆமா பாப்பா. நீங்க சாப்புடப் போயிருந்தீங்கள்ல, அக்காதான் வந்து, 'புள்ள பாஸாகணும் கருப்பையா, மிச்சமிருக்கறதுல ஒரு அரை மூட்டய அள்ளி விடு'ன்னாக. விட்டேன்."

கயல் அம்மாவைப் பார்த்தாள். அக்கா பால்கோவா டப்பாவைப் பார்த்தாள்.

"அரை மூட்டைதானா?" என்று கேட்டாள் கயல். "மூட்டையே காணோமே."

கருப்பையா தலையைச் சொறிந்தார். "அக்கா சொன்னது அரைதான். அப்புறம் நமக்கும் ஒரு பயம் இருக்குல்ல பாப்பா? நாளைக்கு நாலு இன்ஜினியருங்க வந்து பாப்பாங்கன்னு சொன்னீக. பேந்து போச்சுன்னா கருப்பையா போட்ட தளம்னுதான சொல்லுவாக? மீதியயும் நானே போட்டுட்டேன்."

மூட்டையைத் திருடியிருப்பார் என்று நினைத்த எங்கள் இரண்டு பேருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கயல் எழுந்து பின்பக்கம் போனாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். அவ்வளவு பெரிய பெண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அக்காவின் மேல் கோபம் கோபமாக வந்தது. அடுத்த நிமிடம் அக்காவைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. புருஷன் போன பிறகு தையல் மெஷினை மிதித்தே இந்தப் பெண்ணைப் படிக்க வைத்தவள். பரீட்சை என்றால் பாஸாக வேண்டும். அது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"நான் என்ன வெசத்தையா கலந்தேன்?" என்றாள் அக்கா என்னிடம். "சிமெண்ட்டுதானடா தம்பி? நல்ல சாமான்தான?"

கலப்படம் என்றால் மட்டமானதைக் கலப்பது என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நல்லதைக் கலந்தாலும் கலப்படம்தான் போலிருக்கிறது. நம் வீடுகளில் இது ரொம்ப சாதாரணம். பிள்ளையின் ஸ்கூல் பிராஜக்டை அப்பா செய்கிறார், ஓவியப் போட்டிக்கு அம்மா வரைகிறாள். இன்டர்வியூவுக்குப் போனால், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று மாமன் விசாரிக்கிறார். ஒரு பிள்ளை தானாக நிற்கிறதா என்று பார்க்கும் பொறுமை நம்மில் யாருக்கு இருக்கிறது? விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கை முட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். கடைசியில் நின்றது பிள்ளையா, நம் கையா என்பது பிள்ளைக்கே தெரியாமல் போகிறது.

கயல் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அக்கா விடுவதாக இல்லை.

"இப்ப என்னடி ஆச்சு? நல்லாத்தான வந்திருக்கு? இதையே குடுத்துட்டு வா. ஒங்க சாருக்குத் தெரியவா போகுது? நாஞ் சொல்ல மாட்டேன், கருப்பையா சொல்ல மாட்டாரு, மாமா சொல்ல மாட்டான்."

என்னையும் சேர்த்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு கணம் அதுதான் தோன்றியது. கொடுத்துவிட்டுப் போகட்டுமே! இன்னொரு வருடம் இந்தப் பெண் கஷ்டப்படுவதைப் பார்க்க என்னாலும் முடியாது.

கயல் சத்தம் போடவில்லை.

"குடுத்தா பட்டம் கிடைக்கும்மா. அப்புறம் அதை நம்பி எங்கயாவது ஒரு ஊர்ல ரோடு போடுவாங்க. பள்ளிக்கூடத்துல நடைபாதை போடுவாங்க. அங்க போடப்போற காண்ட்ராக்டரு என்னைப் பெத்த அம்மாவா? புள்ள பாஸாகணும்னு கூட ஒரு மூட்டை அள்ளிப் போடுவாரா? இருக்கறதுலயே ஒரு மூட்டைய உருவிருவாரு. அப்ப எது நிக்கும்?"

அக்கா பால்கோவா டப்பாவை மூடினாள். சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள். போகும்போது மகளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

திங்கள்கிழமை கயல் கைடிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் கத்தினாராம். பிறகு தண்ணீர் குடித்தாராம். கடைசியாக ஒரு அவகாசம் வாங்கித் தருகிறேன், இனிமேல் கிடையாது, மறுபடியும் போடு என்றாராம். அதே இடம், அதே வெயில், பக்கத்திலேயே சாதாரண பாதி — அதனால் பழைய சாம்பல் பாதியை மட்டும் உடைத்துவிட்டுப் போடுவது என்று முடிவானது.

அப்படித்தான் அந்த இரண்டு பேரும் சம்மட்டியோடு வந்தார்கள். அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. அரை மூட்டைப் பாசமும் அரை மூட்டைப் பயமும் சேர்ந்து இறுகிக் கிடக்கிறது. சம்மட்டிக்கு அசையுமா?

"நல்லா இருக்கறத ஒடைக்காதீங்கடா" என்று என் மனைவி கடைசியில் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டாள். கயல் படியில் உட்கார்ந்துவிட்டாள். புது இடம் தேட நாள் இல்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது? மறுபடியும் சொந்தக்காரர்கள், மறுபடியும் மின்மயானமா என்ற விசாரணை. எனக்கே அசதியாக இருந்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா போன் செய்தாள். எனக்குத்தான், மகளுக்கு இல்லை.

"தம்பி, பாதை ஒடையலையாமே."

"உடையல."

"இங்கிட்டு நம்ம வீட்டு வாசல் மண்ணாத்தான் கெடக்கு" என்றாள். "கெணறு பின்னாடி, வாசலுக்குத் தூரம். கடலை கிடலை எதுவும் காயப்போட மாட்டேன். போடச் சொல்லு."

"நீ கிட்ட வரக் கூடாதுன்னு சொல்லுவாளே அக்கா."

"வர மாட்டேன். சொல்லு."

போன ஞாயிறு பொன்னமராவதிக்குப் போயிருந்தோம். கருப்பையாவும் வந்தார். வாசலில் வலது பாதி சாதாரணம், இடது பாதி சாம்பல். எடை போட்டது போக மிஞ்சிய சிமெண்டைக் கயல் காரில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். யாரையும் நம்பத் தயாராக இல்லை. நானும் குற்றம் சொல்லவில்லை. இந்தத் தடவை இட்லியும் நின்றபடியேதான்.

அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கலவை பக்கமே வரவில்லை. வீட்டு நிலைப்படிக்குள்ளேயே நின்றாள். ஆனால் கண் முழுவதும் கருப்பையாவின் கையில்தான். பாதி வேலையில் அவர் மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, கொஞ்சம் தண்ணியாச்சும் கூட விட்டுக்கவா? இழுக்க வாகா இருக்கும்."

தண்ணீர் கூடினால் பலம் குறையுமாம். கயல் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அக்கா சீறினாள். "ஒரு சொட்டு விட்டேன்னு வையி, சோறு கெடையாது ஒனக்கு!"

கயல் சிரித்துவிட்டாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது அவள் சிரித்து.

மட்டம் தட்டி முடிக்கும் நேரத்தில் பக்கத்துவீட்டு அம்மா குடத்தோடு போனவர் நின்றார். தலைவாசலில் குப்பைச் சாம்பலா என்று மூக்கில் விரலை வைத்தார்.

"என்னக்கா, நெசமாவா? நிக்குமாக்கா இது?"

நான் அக்காவைப் பார்த்தேன். மகள் விஷயத்தில் யார் என்ன கேட்டாலும் ஒன்றுக்குப் பத்தாகச் சேர்த்துச் சொல்லும் வாய் அது. கயலும் பூசுகிற கரணையைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியல" என்றாள் அக்கா. "நின்னா நின்னுச்சுன்னு எழுதுவா. நிக்கலைன்னா அதையும் எழுதுவா எம் மக."

கயல் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே மட்டமாக இருந்த இடத்தையே ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாசல் நிற்க வேண்டும் என்று வரும் வழியில் காருக்குள்ளேயே வேண்டிக்கொண்டேன் — வேண்டுதல் கலப்படத்தில் சேராதே?